அரக்காத வேலி

அத்தான் எழுந்து நின்று, அயல்வீட்டுக்காரரின் காணியில் ஒரு முழத்தைத் தான் களவெடுத்ததாகச் சபையின் முன் சொன்னபோது, அது பொய் என்று தெரிந்தவர்கள் அந்தக் கட்டடத்துக்குள் மூன்று பேர் இருந்தோம். அத்தான், பெண்கள் பக்கத்து வாங்கில் இருந்த என் அக்கா, நான்.

அந்த வருடங்களின் நாட்குறிப்புகள் இப்போது என்னிடம் இல்லை. தெல்லிப்பழைக்கு வடக்கே இருந்த எங்கள் ஊரை விட்டு வெளியேறியபோது அவை அலுமாரியிலேயே நின்றுவிட்டன. நல்லூரில் ஒரு வாடகை வீட்டில் இருந்து இதை எழுதுகிறேன். திகதி போடாமல் ஒன்றைச் சொல்வது எனக்குப் பழக்கமில்லாத வேலை. ஆகவே உறுதியாக நினைவில் நிற்பதை மட்டும் எழுதுகிறேன். மங்கலாக இருப்பதை விட்டுவிடுகிறேன்.

எங்கள் சபை சிறியது. சுற்றிவர எல்லாரும் சைவக்காரர். நடுவில் சில தலைமுறைக்கு முன் வேதத்துக்கு வந்த கமக்காரக் குடும்பங்கள் நாங்கள். ஒரு பெரிய சபையிலிருந்து பிரிந்து வந்து, ஓட்டுக் கூரை போட்ட ஒரு மண்டபத்தைக் கட்டிக்கொண்டு, யாருக்கும் தொந்தரவில்லாமல் இருந்தோம். மார்கழியில் பலகாரம் சுட்டு அயலுக்குக் கொடுப்போம். தையில் அயலிலிருந்து பொங்கல் வரும். அதைச் சாப்பிடலாமா என்று எங்கள் வீடுகளில் யாரும் பெரிதாக யோசித்ததில்லை.

எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்துக்குப் பிறகு, தெற்கிலிருந்து கப்பலில் காங்கேசன்துறையில் வந்து இறங்கியவர்களோடு புதிய போதகர் வந்தார். வீடு எரிந்துபோய், உடுத்த உடுப்போடு மனைவியைக் கூட்டிக்கொண்டு வந்தவர். மெலிந்த மனிதர். சத்தமாகக் கதைக்க மாட்டார். கதிரையில் சாய்ந்து இருந்து நான் அவரைக் கண்டதில்லை. அவரைக் கெட்டவர் என்று இந்தக் கதையில் எங்கும் எழுத எனக்கு இடமில்லை. தனக்கு நேர்ந்ததற்கு ஒரு காரணம் இருக்கவேண்டும் என்று அவர் தேடினார். கடைசியில் கண்டது இதுதான்: நாங்கள் எல்லாரும் விசுவாசத்தில் ஆறிப்போனோம், ஆறிப்போனவர்கள் மேல்தான் தீ வந்தது, இனியும் வரும்.

அதிலிருந்து தொடங்கியதுதான் திருத்தம். அப்படித்தான் நாங்கள் அதைச் சொன்னோம். 'திருத்தம் நடக்குது', 'திருத்தத்துக்கு முந்தி', 'திருத்தத்துக்குப் பிந்தி'. சபையில் இருந்து இரண்டு இரண்டு பேராக வீடு வீடாகப் போவார்கள். போய், வீட்டில் உள்ள பெரியவர்களைத் தனித்தனியாக இருத்தி, ஒரே கேள்விகளைக் கேட்பார்கள். பொய் சொன்னீரா? பிறர் பொருளை எடுத்தீரா? எல்லையை அரக்கினீரா? கூலிக்காரன் கூலியைப் பிடித்தீரா? கள்ளுக் குடித்தீரா? பிள்ளைக்குச் சாதகம் பார்த்தீரா? உள்ள குற்றத்தை ஞாயிற்றுக்கிழமை சபையில் எழுந்து சொல்லவேண்டும். எடுத்ததைத் திருப்பிக் கொடுக்கவேண்டும். அதற்குப் பிறகு, ஏற்கெனவே ஞானஸ்நானம் பெற்றவர்களாக இருந்தாலும், மீண்டும் ஒருமுறை தண்ணீரில் மூழ்கி எழவேண்டும். இரண்டாம் முழுக்கு எடுக்காதவருக்குத் திருவிருந்து இல்லை. அந்த வீட்டுக் கலியாணமும் மண்டபத்தில் நடக்காது.

முன்பெல்லாம் முழுக்குக்குக் கடலுக்குப் போவோம். அந்தக் காலத்தில் கடற்படைத் தடையால் கடற்கரைக்குப் போவது முடியாமல் போனதால், மண்டபத்துக் கிணற்றடியில் உள்ள சீமெந்துத் தொட்டியை நிரப்பி அதில் நடத்தினார்கள். வெண்காயத்துக்குத் தண்ணீர் பாய்ச்சக் கட்டிய தொட்டி அது. ஆழம் போதாது. ஆளைக் குந்தி இருக்கச் சொல்லி, பின்பக்கமாகச் சரித்து, முழங்காலை ஒருவர் அமத்திப் பிடிக்கவேண்டும். உயரமான ஆட்களுக்குத் தலை மூழ்கும்போது கால் வெளியே வரும். சிரிப்பு வந்தவர்கள் கிணற்றுக் கட்டுக்குப் பின்னால் போய்ச் சிரித்துவிட்டு வந்தார்கள்.

தொடக்கத்தில் நல்லது நடக்கவில்லை என்று சொல்லமுடியாது. பங்குக் கிணற்றுச் சண்டையால் கதைக்காமல் இருந்த சகோதரிகள் கதைத்தார்கள். இரவல் வாங்கி மறந்துபோன ஒரு தண்ணீர்ப் பம்ப் திரும்பி வந்தது. நான் பாடசாலை ஒன்றில் எழுதுவினைஞராக இருந்தேன். கந்தோரிலிருந்து காபன் தாளும் பென்சில்களும் வீட்டுக்குக் கொண்டுவந்திருப்பதாக எழுந்து சொல்லி, மறுநாள் திருப்பிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அதிபர் அவற்றைக் கையில் வைத்துக்கொண்டு, இதை எந்தக் கணக்கிலை போட்டு எடுக்கச் சொல்லுறீர் என்று என்னிடம் சினந்தார். எனக்கு உள்ளே இலேசாகத்தான் இருந்தது. தொட்டியில் இருந்து எழுந்தபோது அழுதேன் என்றும் நினைவு.

ஆனால் அநேகமானோர் சொன்னது வேலியைத்தான். யாழ்ப்பாணத்தில் அது ஆச்சரியமில்லை. எங்கள் வேலி உயிருள்ள கதியால்களாலானது. பூவரசு, கிளுவை, முள்முருக்கு என்று நட்டு, குறுக்கே வரிச்சுக் கட்டி, பனையோலை வைத்து அடைப்பது. ஓலை உக்கினால் திரும்ப அடைக்கவேண்டும். பட்டுப்போன கதியாலுக்குப் பதில் புதிது நடவேண்டும். நடும்போது ஒரு விரற்கடை அங்கால் தள்ளி நட்டால் யார் கண்டது? அடுத்த முறை இன்னொரு விரற்கடை. வேலி நடக்கும். அதற்குப் பெயர்தான் அரக்குதல். அதனால் வழக்கென்று கோட்டுக்குப் போன குடும்பங்களும் ஊரில் இருந்தன. ஒவ்வொரு ஞாயிறும் ஒருவர் எழுந்து 'நான் அரக்கினனான்' என்பார். சனிக்கிழமைகளில் சபைப் பெடியள் குழி தோண்டும் அலவாங்கோடு போய் வேலியைத் திருப்பி நட்டுக் கொடுப்பார்கள். திருத்தம் அந்த அளவில் கண்ணுக்குத் தெரியக்கூடியதாக இருந்தது.

அத்தான் வேலி அரக்காதவர். நான் பார்க்காமல் சொல்லவில்லை. அக்கா வீட்டு வேலி அடைக்கிற நாளில் எல்லைக்கு நூல் பிடிப்பது எப்போதும் நான்தான். ஒரு முனையில் நான், மறு முனையில் அயல்வீட்டுக்காரர். அவர் சைவக்காரர், புகையிலையும் வெண்காயமும் செய்கிற கமக்காரர். அத்தானை விட மூத்தவர். நூல் இழுத்து, இரண்டு பக்கமும் சரியென்று சொன்ன பிறகுதான் அத்தான் குழி தோண்ட விடுவார். அத்தான் கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சர். சீனி நிறுக்கும்போது தராசு முள் ஆடி அடங்கி நின்ற பிறகுதான் கடதாசிச் சரையை மடிப்பார். பின்னால் நிற்கிறவர்கள் முணுமுணுப்பார்கள். அவசரமெண்டால் நாளைக்கு வாங்கோ என்பார்.

அந்த வேலியில் ஒரு பொட்டு இருந்தது. கிணற்றடிக்குப் பக்கத்தில், ஓலையை விலக்கி ஆள் குனிந்து போகக்கூடிய இடைவெளி. அக்காவும் அயல்வீட்டு அம்மாவும் அதால்தான் போய் வருவார்கள். முன்வாசல் படலையால் வருகிறவர் விருந்தாளி, பொட்டால் வருகிறவர் வீட்டு ஆள். பொட்டுக்கு அருகே எல்லையோடு ஒரு தேசிக்காய் மரம், எலுமிச்சை, அக்கா வீட்டுப் பக்கம். காய் இரண்டு பக்கமும் விழும்.

அத்தானுக்கும் அக்காவுக்கும் ஒரே மகள். அவளுக்குச் சபையிலேயே ஒரு நல்ல பையனைப் பேசி முடித்திருந்தார்கள். அவளுக்கும் அவனைப் பிடித்திருந்தது. பாடகர் குழுவில் ஒன்றாகப் பாடினவர்கள். அந்த மண்டபத்தில்தான் அவள் குழந்தையாக ஒப்புக்கொடுக்கப்பட்டாள். அங்கேதான் கலியாணம் என்று அவள் சிறுவயது முதல் சொல்லிவந்தாள். உயிர்த்த ஞாயிறு கழிந்து கலியாணம் என்று பேச்சு. அதற்கு முன் அத்தான் இரண்டாம் முழுக்கு எடுத்திருக்கவேண்டும்.

அத்தான் வீட்டுக்குக் கேள்வி கேட்கப் போன இரண்டு பேரில் ஒருவர் மாப்பிள்ளையின் தகப்பன். அது வேண்டுமென்று செய்ததில்லை. அந்தப் பக்கத்து வீடுகள் அவர் பொறுப்பில் இருந்தன. நேர்மையான மனிதர், கொஞ்சம் இறுக்கம். அத்தான் ஒவ்வொரு கேள்விக்கும் யோசித்து, இல்லை, இல்லை என்று பதில் சொன்னார். கடையில் சனத்தோடு சினந்திருக்கிறேன் என்றார். அது குணம், குற்றம் இல்லை என்றார்கள். இன்னும் யோசியுங்கோ என்று சொல்லிவிட்டுப் போனார்கள். திரும்ப வந்தார்கள். திரும்பவும் இல்லை என்றார். மூன்றாந்தரம் போதகரும் கூட வந்தார். குற்றம் இல்லையென்று சொல்கிறவரின் பெருமைதான் எல்லாவற்றிலும் பெரிய குற்றம் என்று மெதுவாகச் சொன்னார். அப்படியென்றால் பெருமையென்றே எழுதுங்கோ என்றார் அத்தான். அது விளையாட்டாகப் பட்டது அவர்களுக்கு. அத்தான் விளையாடவில்லை.

பிற்காலத்தில் ஒன்றை யோசித்திருக்கிறேன். எங்கள் வேலி அடைக்க ஒரு மனிதர் வருவார். நல்ல வேலைக்காரர். பிற்பகலில் அக்கா அவருக்குத் தேத்தண்ணி கொடுப்பாள். அவருக்கென்று தனியாக ஒரு தகரப் பேணியை வெளியே கூரை இறவாணத்தில் கவிழ்த்து வைத்திருப்பாள். எங்கள் வீட்டிலும் அப்படி ஒன்று இருந்தது. போதகர் வீட்டிலும் வந்த சில மாதங்களில் ஒன்று வந்துவிட்டது. திருத்தத்தின் கேள்விகளில் அந்தப் பேணியைப் பற்றி ஒன்றும் இல்லை. இருந்திருந்தால் அத்தானுக்கு உண்மையாகச் சொல்ல ஒன்று இருந்திருக்கும். எங்கள் எல்லாருக்கும் இருந்திருக்கும்.

கலியாணத்துக்கான நாட்கள் குறுகின. மாப்பிள்ளை வீட்டிலிருந்து ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் இருந்ததே கேட்டது போல் இருந்தது. அக்கா சமைத்து வைப்பாள், அத்தான் பாதியில் எழும்புவார். அப்படியிருக்கும்போதுதான் அந்த ஞாயிறு வந்தது.

அத்தான் எழுந்தார். சட்டைக் கையை மடித்து விட்டிருந்தார். "வேலி அடைக்கேக்கை அயலுக்கை ஒரு முழம் அரக்கினனான்" என்றார். அவ்வளவுதான். யாரோ தோத்திரம் சொன்னார்கள். மாப்பிள்ளையின் தகப்பன் கண்ணை மூடிக்கொண்டார், நிம்மதியால் என்று நினைக்கிறேன்.

நான் எழுந்தேன். அந்த வேலிக்கு எப்போதும் நூல் பிடிப்பது நான், அது அரக்கப்படவில்லை என்று சொன்னேன். போதகர் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை, இரக்கம்தான் இருந்தது. உங்கள் அத்தான் தன் பாரத்தை இறக்க வந்திருக்கிறார், நீங்கள் திரும்பத் தூக்கி வைக்காதேங்கோ என்றார். நான் அத்தானைப் பார்த்தேன். அவர் இடுப்புக்குக் கீழே கையை அசைத்து, இரும் என்று காட்டினார். இருந்தேன்.

ஆராதனை முடிந்து சைக்கிளை உருட்டிக்கொண்டு வரும்போது ஏன் என்று கேட்டேன்.

"எல்லாரும் வேலிதானே தம்பி சொல்லுகினம்" என்றார். "உது பாரமில்லாத குற்றம். ஓலையும் கதியாலும். திருப்பி நட்டால் முடிஞ்சுது. அவள் கோயிலுக்குள்ளை நிண்டு கலியாணம் முடிக்கட்டும்."

வேலிக்கு அங்கால் ஒரு மனிதர் இருக்கிறார் என்பதை அவ்வளவு நிதானமான மனிதர் அன்று யோசிக்கவில்லை.

சனிக்கிழமை பெடியள் அலவாங்கோடு வந்தார்கள். அயல்வீட்டுக்காரர் தோட்டத்திலிருந்து மண் காலோடு வந்து நின்று, என்ன நடக்கிறது என்று கேட்டார். மாப்பிள்ளையின் தகப்பன் விளக்கினார். அவர் முழுவதையும் கேட்டுவிட்டு அத்தானிடம் திரும்பினார்.

"மனேச்சர், எனக்குத் தெரியாமல் என்ரை காணியை எடுத்தியள். இப்ப நான் கேளாமல் திருப்பித் தாறியள். இடையிலை நான் எங்கை போனனான்?"

"வைச்சிருங்கோ அண்ணை" என்றார் அத்தான், நிலத்தைப் பார்த்தபடி.

"என்னத்தை வைச்சிருக்கிறது? நாளைக்கு என்ரை பெடியள் கேப்பாங்கள், அப்பு இவ்வளவு காலமும் நித்திரையோ எண்டு. ஊர் கேக்கும், வாயை மூட என்ன வாங்கினனீ எண்டு. நூல் பிடிச்சது நானும்தானே. அப்ப நானும் கள்ளன், இல்லாட்டில் குருடன். எதெண்டு உங்கடை சபையிலை ஒருக்கால் கேட்டுச் சொல்லுங்கோ."

பெடியளில் ஒருவன் சிரித்துவிட்டான். அவர் சிரிக்கவில்லை. அந்தத் துண்டு தனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் தோட்டத்துக்குத் திரும்பிப் போனார்.

அவர் வாங்காவிட்டாலும் அத்தான் கொடுத்தாக வேண்டும் என்பதுதான் திருத்தத்தின் முறை. பெடியள் பழைய கதியால்களைப் பிடுங்கி, எங்கள் பக்கம் ஒரு முழம் உள்ளே தள்ளி, புதிய வேலியை நட்டார்கள். மூலைப் பூவரசு பெருத்த மரம் என்பதால் அது மட்டும் அசையவில்லை, அங்கேயே விட்டார்கள். நல்ல இறுக்கமான வேலி. பொட்டு ஒன்று இருந்தது அவர்களுக்குத் தெரியாது. அக்கா குசினி வாசலில் நின்று பார்த்தாள். கிணற்றடியில் கொஞ்சம் விட்டு அடையுங்கோ என்று சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் உள்ளே போனாள்.

அயல்வீட்டுக்காரர் அந்த ஒரு முழத்துக்குள் கால் வைக்கவேயில்லை. தன் பக்கத்தில் பழைய எல்லையோடு ஒரு கயிற்றைக் கட்டிவிட்டார். ஆக, கயிற்றுக்கும் வேலிக்கும் நடுவில் இரு வீட்டுக்கும் சொந்தமில்லாத ஒரு துண்டு கிடந்தது. தேசிக்காய் மரம் அதற்குள் நின்றது. காய்கள் பழுத்து விழுந்து கிடந்து காய்ந்தன. அந்தத் தையில் பொங்கல் வரவில்லை. அக்கா தன் பாட்டில், அவையள் மறந்திருப்பினம் என்றாள். அவர்கள் மறக்கிற ஆட்கள் இல்லை என்பது அவளுக்குத் தெரியும்.

அத்தான் முழுக்கு எடுத்தார். அவர் உயரமானவர், காலை இரண்டு பேர் பிடித்தார்கள். எழுந்து, முகத்தைத் துடைக்காமல், தண்ணீர் ஒழுக ஒழுக மகளைப் பார்த்தார். அவளும் பார்த்தாள். அன்று அவள் முகத்தில் இருந்தது சந்தோசம் என்றுதான் நான் நினைத்தேன். அந்தப் பொய்யைப் பற்றி அவளிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை.

அதோடு முடிந்திருக்கவேண்டும். ஆனால் வீடும் வளவும் அவளுக்குச் சீதனமாக எழுதுவதாக அத்தான் ஒப்புக்கொண்டிருந்தார். மாப்பிள்ளையின் தகப்பன் வந்து, எல்லை இப்போது மாறியிருப்பதால் காணி உறுதி எழுதமுன் ஒருமுறை அளந்துவிடுவது நல்லது என்றார். அதில் பேராசை இல்லை. அவருக்கு எல்லாம் சரியாக இருக்கவேண்டும். அவர் இடத்தில் நானும் அதையே கேட்டிருப்பேன். அத்தான் மறுத்திருக்கலாம். மறுத்தால் என்ன காரணம் சொல்வது?

மருதனார்மடத்திலிருந்து காணி அளக்கிற சேவயர் வந்தார். பழைய படத்தை விரித்து, சங்கிலி பிடித்து அளந்தார். மூலைக்கு வந்ததும் குழம்பினார். படத்தின்படி அங்கே ஒரு எல்லைக் கல் இருக்கவேண்டும். தேடச் சொன்னார். அந்தப் பெருத்த பூவரசின் வேரடியில் மண்வெட்டி ஒன்றில் பட்டது. தோண்டினால், தலையில் வெட்டுக்குறி போட்ட கல். பழைய வேலி நின்ற அதே கோட்டில். ஒரு விரற்கடை அங்கால் இல்லை, இங்கால் இல்லை.

சேவயர் சந்தோசப்பட்டார். இப்படிச் சரியான எல்லையைத் தான் கண்டதில்லை என்றார். அவருக்கு மற்றது தெரியாது. பிறகு புதிய வேலியைக் காட்டி, இதை ஏன் உள்ளே நட்டிருக்கிறீர்கள் என்று கேட்டார்.

அயல்வீட்டுக்காரர் தன் கயிற்றுக்கு அப்பால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"கேளுங்கோ" என்றார். "உந்தக் கல்லையும் எழும்பி நிண்டு ஏதும் சொல்லச் சொல்லிக் கேளுங்கோ."

மாப்பிள்ளையின் தகப்பன் கல்லைப் பார்த்தார், அத்தானைப் பார்த்தார். "அப்ப சபையிலை நீங்கள் சொன்னது?"

"கல்லுச் சொல்லுறதுதான் சரி" என்றார் அத்தான்.

மகள் குசினி வாசலில் நின்றிருந்தாள். அவள் எல்லாவற்றையும் விளங்கிக்கொண்டது அந்த இடத்தில்தான். யாருக்காக என்பதையும் சேர்த்து.

இப்படியாக அத்தான் கள்ளன் இல்லை என்று நிறுவப்பட்டது. அதே நேரத்தில், தேவ சந்நிதியில் நின்று பொய் சொன்னவர் என்றும் நிறுவப்பட்டது. முதலாவது குற்றத்துக்கு ஒரு முழக் காணி போதுமாக இருந்தது. இதற்கு என்ன கொடுப்பது? அவர் எடுத்த முழுக்குச் செல்லாது என்றார்கள். அது செல்லாதென்றால் கலியாணமும் மண்டபத்தில் இல்லை.

போதகர் பின்னேரம் வீட்டுக்கு வந்தார். நானும் இருந்தேன். அவர் அழுதார், உண்மையான அழுகை. கதவு இன்னும் பூட்டவில்லை, ஞாயிற்றுக்கிழமை எழுந்து பொய் சொன்னேன் என்று சொல்லுங்கோ, திரும்ப ஒருதரம் தொட்டியில் இறங்குங்கோ, கலியாணம் அதே நாளில் நடக்கும் என்றார். பிறகு கேட்டார்: "ஏன் ஐயா பொய் சொன்னீங்கள்?"

"உண்மையைச் சொன்னன். நீங்கள் அதை எடுக்கேல்லை" என்றார் அத்தான்.

தேத்தண்ணி ஆறியது. போதகர் எழுந்து போகும்போது எங்கள் இருவருக்கும் கைகூப்பினார்.

அத்தான் அந்த ஞாயிறு போகவில்லை. அடுத்த ஞாயிறும் போகவில்லை. கடைக்குப் போனார், வந்தார். புதிய வேலியைப் பிடுங்கவும் இல்லை. நான் ஒருநாள் அவரோடு கிணற்றடியில் இருந்து கதைத்தேன். இது பொய் இல்லையே, நடந்ததை நடந்தபடி சொல்வதுதானே, ஒரு நிமிட வேலை, மகளுக்காக என்றேன்.

"முதல் போனதும் அவளுக்காகத்தான்" என்றார். பிறகு, "அவள் வாயைத் திறந்து ஒருக்கால் கேக்கட்டும். போறன்" என்றார்.

நான் அதை அவளிடம் போய்ச் சொன்னேன். அவள் குசினியில் பயித்தங்காய் முறித்துக்கொண்டிருந்தாள். அப்பா போவார், நீ ஒரு சொல்லுக் கேட்டால் போதும் என்றேன். அவள் காயை முறிப்பதை நிறுத்தவில்லை. சுளகில் இருந்த காய் முடிந்ததும் எழுந்து கழுவப் போனாள். கேட்கவில்லை. தகப்பன் மேல் கோபம் என்று நினைத்தேன். பொய் சொல்லித் தன்னை ஊருக்கு முன் சிறுமைப்படுத்திவிட்டார் என்று நினைக்கிறாள், அது தணியக் கொஞ்சக் காலம் எடுக்கும் என்று அக்காவிடம் சொன்னேன். அத்தானும் அப்படித்தான் நினைத்தார். அவர் காத்திருந்தார்.

மாப்பிள்ளை வீட்டார் சிறுபோக அறுவடை முடியும்வரை பொறுத்தார்கள். பதிவுக் கலியாணமாகச் செய்வோம் என்று அக்கா கேட்டுப் பார்த்தாள். மாப்பிள்ளையின் தகப்பன் தன் மகனின் கலியாணம் சபைக்கு வெளியே நடக்காது என்றார். பையன் ஒருநாள் வந்து வாசலில் நின்று அவளோடு கொஞ்சநேரம் கதைத்தான். அந்த வருடம் எத்தனையோ பெடியள் வெளிநாடு போனார்கள். அவனும் போனான்.

திருத்தம் எப்போது முடிந்தது என்று என்னால் சொல்லமுடியவில்லை. நாட்குறிப்பு இருந்திருந்தாலும் சொல்லமுடிந்திருக்காது, ஏனென்றால் அது முடிந்ததாக ஒருவரும் அறிவிக்கவில்லை. செல் குண்டுகள் விழத் தொடங்கியபோது பின்னேரங்களில் வீடு வீடாகப் போவது நின்றது. பிறகு தொட்டியில் வெடிப்பு விழுந்தது, யாரும் பூசவில்லை. அத்தானின் முழுக்குத் தள்ளப்பட்டதற்கு அடுத்த வருடம் மண்டபத்தில் ஒரு கலியாணம் நடந்தது. மாப்பிள்ளை வேறொரு வீட்டுப் பையன், அவன் தகப்பனிடம் ஒரு கேள்வியும் கேட்கப்படவில்லை. அவர் ஊரறிய வேலி அரக்கினவர். நாங்கள் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தோம். போதகர் ஆசீர்வாதம் சொல்லும்போது என் பக்கம் பார்க்கவில்லை. ஒரு வருடம் பொறுத்திருந்தால் போதுமாயிருந்திருக்கும் என்று அன்று முதன்முதலாக யோசித்தேன். பிறகு எத்தனையோ தரம் யோசித்துவிட்டேன்.

தொண்ணூறில் சண்டை வந்து எல்லாரும் ஊரை விட்டு எழும்பினோம். போதகர் தன் மனைவியோடு வேறு பக்கம் போனார், பிறகு காணவில்லை. அத்தானும் அக்காவும் மகளும் எங்களோடு நல்லூருக்கு வந்தார்கள். அங்கேதான் அத்தான் காலமானார். வேறொரு சபையின் சேமக்காலையில் இடம் கேட்டு வாங்கி அடக்கம் செய்தோம். அயல்வீட்டுக்காரர் மருதனார்மடத்துப் பக்கம் இருந்தார். கேள்விப்பட்டுச் சைக்கிளில் வந்தார். கிழவராகிவிட்டார். பெட்டிக்குப் பக்கத்தில் நின்று, "மனேச்சர்" என்று ஒரு சொல் சொன்னார். அக்காவிடம் ஒரு சரையைக் கொடுத்தார். உள்ளே தேசிக்காய். வேறெங்கோ வாங்கினவைதான், எங்கள் வளவு ஆமியிடம், அங்கே அப்போது ஒருவரும் போகமுடியாது.

அத்தான் கடைசி மாதங்களில் என்னிடம் ஒருமுறை கேட்டார், அவளுக்கு என்னிலை இன்னும் கோபமோ என்று. இருக்காது என்றேன். அதை உறுதியாகச் சொல்ல எனக்கு ஆதாரம் இருக்கவில்லை. அவருக்கு அது குரலிலேயே தெரிந்திருக்கும்.

அடக்கம் முடிந்து சில வாரங்களுக்குப் பிறகு ஒரு பின்னேரம், அக்காவின் மகள் ரியூசன் வகுப்புக்குப் போகச் சைக்கிளை வெளியே எடுத்துக்கொண்டிருந்தாள். அவள் அங்கே கணக்குப் படிப்பிக்கிறாள். கலியாணம் செய்யவில்லை. நான் படலையைத் திறந்து பிடித்துக்கொண்டு, இத்தனை வருடமாகக் கேட்காததைக் கேட்டேன். அப்பாவிலை உனக்கு அவ்வளவு கோபம் இருந்ததோ?

அவள் புரியாமல் பார்த்தாள். "என்ன கோபம்?"

நான் சொன்னேன். அன்று குசினியில் வந்து சொன்னேனே, நீ ஒரு சொல்லுக் கேட்டால் போவார் என்று.

"ஓம் மாமா. கேட்டால் போயிருப்பார்." சைக்கிள் மணியை விரலால் தடவிக்கொண்டிருந்தாள். "உயரமான மனிசன். காலைப் பிடிச்சு அமத்தி, திரும்பவும் அந்தத் தொட்டிக்குள்ளை. நான் கேட்டால் போயிருப்பார் எண்டுதான் கேக்கேல்லை."

வகுப்புக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டுப் போனாள். நான் படலையைச் சாத்திவிட்டு வந்து அன்றைய குறிப்பை எழுத உட்கார்ந்தேன். இதை யாரிடம் போய்ச் சொல்லவேண்டுமோ அவர் இல்லை. திகதியைப் போட்டு, அவள் சொன்னதைச் சொன்னபடியே எழுதி வைத்தேன்.